பயத்தைப் பிரித்துப் பார்த்தது

மோட்டார் சைக்கிளில் எஞ்சின் நின்றுபோனால் ஓரங்கட்டித் தள்ளிக்கொண்டு போகலாம். கிளட்ச் ஒயர் அறுந்தால்கூட எப்படியோ சமாளித்து வீடு வந்து சேரலாம். சக்கரம் கைவிட்டால், அந்த நொடியில் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்த இரண்டின்மேல் நாமும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் போய்க்கொண்டிருக்கிறோம். பல வருடம் வண்டி ஓட்டியும் எனக்கு இது தோன்றியதில்லை. தோன்றிய பிறகு வெகுநாள் வண்டியைத் தொட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்தப் பயத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சமிருக்கிறது, அந்த மிச்சம் ஏன் இருக்கட்டும் என்று விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலை. முள்ளக்காடு தாண்டினால் உப்பளங்கள், பிறகு பழையகாயல், அப்புறம் முக்காணியில் தாமிரபரணிப் பாலம். மாலை நேரம், நல்ல எதிர்க்காற்று. மகள் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியின் பின்பக்கம் லேசாக வலதுபுறம் ஒதுங்கியது. காற்று தள்ளுகிறது என்று நினைத்தேன். உடனே இடதுபுறம் ஒதுங்கியது. அதன் பிறகு ஹேண்டில் எதைச் சொன்னாலும் பின்சக்கரம் கேட்கவில்லை. பின்னாலேயே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. வண்டி தாறுமாறாக ஆடி மண் ஓரத்தில் நின்றது. லாரி ஹாரன் அடித்தபடி கடந்து போனது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மகள் இறங்கி, "என்னப்பா, பஞ்சரா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில் இருந்தவர் டியூபை உருவி எடுத்து, காற்று அடித்துப் பார்க்காமலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, இது முள்ளு குத்துனதில்ல. மவுத்து அடியில பிஞ்சிருக்கு பாருங்க. காத்து கம்மியா இருந்தா டயரு ரிம்முல நகரும். டியூபும் கூடவே நகரும். மவுத்து மட்டும் ஓட்டையில மாட்டிக்கிட்டு நிக்கும். இழுத்து இழுத்து இன்னைக்கு அந்துட்டு." முள் என்றால் மெதுவாக இறங்கும், நிறுத்த நேரம் கிடைக்கும், மவுத், அதாவது காற்று அடிக்கும் வால்வு, அறுந்தால் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் புது டியூப் போட்டுக் கொடுத்தார். அன்று அவர் சொன்ன அந்த இரண்டு மூன்று வாக்கியங்களின் மதிப்பு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று காதில் விழுந்ததெல்லாம் லாரியின் ஹாரன்தான்.

மறுவாரம் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். முதுகுவலி என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே பின்பக்கம் நழுவுவதுபோல உடம்பு உணர்ந்தது. நின்றுகொண்டிருக்கிற வண்டியிலேயே. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் அனுப்பினேன். கேட்டவர்களுக்கெல்லாம் முதுகையே காரணம் காட்டினேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டால் பதில் இல்லை. டயரா, டியூபா, ரோடா, லாரியா, என் கையா? எல்லாம் கலந்த ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதோடு வாதாட முடியவில்லை. ஒன்றைச் சமாதானம் செய்தால் இன்னொன்று எழுந்து நின்றது.

மாமனார் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், தூசி படிந்து நின்ற ஸ்ப்ளெண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்சக்கரத்து மவுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மகள் முக்காணிக் கதையை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

"மாப்ள, முதுகுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றார்.

நான் பேசவில்லை.

"பயமா இருந்தா இருந்துட்டுப் போகுது. எதுக்குப் பயப்படுதோம்னு தெரிஞ்சுக்கிடணும். சக்கரத்தக் கழத்துவோம், வாங்க."

புறவாசலில், வேப்பமரத்து நிழலில், சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி ஆரம்பித்தோம். கைகள் நடுங்கியதை அவர் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தானே செய்து காட்டுகிற ஆள் அவர் இல்லை. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் பாடம் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே நடந்தது. காற்று அளக்கும் கேஜ் ஒன்று, பேனா அளவில், அவர் பையில் இருந்தது. டியூபுக்குள் அடைத்த காற்று பஞ்சர் எதுவும் இல்லாமலேயே ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை அளக்க வேண்டும்; காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். ஓடின டயரில் காற்று சூடாகி அளவு கூடத் தெரியும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்துபோயிருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் பின்சக்கரத்துக்கு இரண்டு அளவு போட்டிருப்பார்கள்: ஒருவர் போவதற்கு ஒன்று, பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. பெரும்பாலோர் கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். டயரின் பக்கவாட்டுச் சுவர் விறைப்பானது. காற்று பாதியாகக் குறைந்தாலும் விரலுக்குக் கெட்டியாகத்தான் தெரியும்.

டயரின் ஓரமான பீடிங் ரிம்மை இறுகப் பிடித்திருப்பது காற்றின் அழுத்தத்தால்தான். அழுத்தம் குறைந்தால் அந்தப் பிடி தளரும். வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் நூல் நூலாக நகரும். உள்ளே டியூபும் கூடப் போகும். மவுத் மட்டும் ரிம் ஓட்டைக்குள் நின்றுவிடும். இதற்கு அடையாளம் ஒன்று உண்டு: ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே நேராக நிமிர்ந்து நிற்க வேண்டிய மவுத் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதற்காகவே மவுத்தின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்கக் கூடாது என்றார் மாமா. மேலே மூடியோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டால், டயர் நகர்ந்த அன்றே மவுத் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். நட்டை இறுக்கிவிட்டால் சாய்வதற்கு இடமில்லாமல் உள்ளேயே கிழியும்.

முக்காணியில் எங்களுக்கு நடந்தது என்ன என்பதை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அதுவரை அது விதியாகவும், ரோடாகவும், லாரியாகவும் இருந்தது. இப்போது அது மவுத்தின் அடியில் ஒரு கிழிசல். தினமும் கண்ணால் பார்த்துத் தடுக்கக்கூடிய ஒன்று. நெஞ்சில் இருந்த பாரத்தில் ஒரு துண்டு கழன்று கையில் வந்ததுபோல் இருந்தது.

பிறகு சக்கரம். ஸ்ப்ளெண்டரில் ஒரு வசதி, பின்சக்கரத்தை உருவினாலும் செயினும் பெரிய பல்சக்கரமும் வண்டியிலேயே தங்கிவிடும். பிரேக் ராடின் நட்டைக் கழற்றி, பிரேக் பிளேட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் கம்பியை விடுவித்து, ஆக்சில் நட்டை எடுத்து, ஆக்சிலை மெல்லத் தட்டி உருவினால், வாஷரும் காலரும் கையில் வரும். எது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே பழைய நியூஸ்பேப்பரில் அடுக்கிவைக்கச் சொன்னார். சக்கரம் வெளியே வந்ததும் ஹப்புக்குள் உட்கார்ந்திருந்த கப்ளிங் ரப்பர்களைக் காட்டினார். கியர் மாற்றும்போது வருகிற குலுக்கலை வாங்கிக்கொள்வது அவைதான். நசுங்கி இடைவெளி விட்டிருந்தால் 'டக் டக்' என்று பின்னால் தட்டும். என் வண்டியில் அந்தச் சத்தம் இருந்தது. ராத்திரி தூக்கத்தில்கூடக் கேட்ட சத்தம். காரணம் இந்த ரப்பர் துண்டுகள்.

பிரேக் ட்ரம்மில் படிந்திருந்த கரும்பொடியை நான் வாயால் ஊதப்போனேன். மாமா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். துறைமுகத்தில் இது தெரியாமல் பலர் ஊதினார்கள் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஒர்க்ஷாப்களில் காற்றுக் குழாயால் ட்ரம்மை 'புஸ்' என்று ஊதும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு மனசு பதறுகிறது. அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

டயரை ரிம்மிலிருந்து எடுப்பதுதான் வீட்டில் செய்கிறவர்கள் சோர்ந்துபோகும் இடம். நானும் லிவரைக் கொடுத்து முழுப் பலத்தையும் போட்டேன். டயர் அசையவில்லை. மாமா ரிம்மின் நடுவைத் தொட்டுக் காட்டினார். ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பீடிங்குக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, அது நீளாது. ரிம்மின் விளிம்பைவிட பீடிங்கின் வட்டம் சிறியது. பின் எப்படி அது வெளியே வரும்? ஒரு பக்கத்து பீடிங்கை நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். முழங்காலால் ஒரு பக்கம் அமுக்கிப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் லிவரைப் போட்டேன். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தோம். டயர் சத்தமில்லாமல் வந்தது. பலம் தேவைப்பட்டால் ஏதோ ஓரிடத்தில் பீடிங் பள்ளத்தைவிட்டு மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். திரும்ப ஏற்றும்போதும் இதே கணக்குதான். மவுத்துக்கு நேர் எதிரே ஆரம்பித்து மவுத் பக்கம் முடிக்க வேண்டும். கடைசியில் மவுத்தை ஒரு தடவை உள்ளே அழுத்திவிட்டால் டியூப் பீடிங்குக்கு அடியில் சிக்காது. டியூபில் முன்கூட்டியே கொஞ்சம் காற்று அடித்து உருண்டையாக்கி வைத்தால் லிவர் அதைக் கடிக்காது.

டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொன்னார், விரலால் தடவ விடவில்லை. எங்கள் பக்கம் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டயருக்குள் முறிந்து நிற்கும். வெளியே தெரியாது. டியூபை மாற்றிவிட்டு அந்த முனையை விட்டுவிட்டால் அடுத்த நாள் அதே இடத்தில் பஞ்சர். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். எங்கள் டயரில் ஒன்று இருந்தது. டியூபுக்குள் நுழையக் காத்திருந்த அந்தக் கறுப்பு முனையைக் குறட்டால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு பயம் பெயர் பெற்றது.

பஞ்சர் ஒட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: அவசரப்படக் கூடாது. டியூபை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகுதான் பேட்ச்சை வைக்க வேண்டும். பலரும் சொல்யூஷனைக் கோந்து என்று நினைத்து ஈரத்திலேயே ஒட்டுகிறார்கள். அது கோந்தாக ஒட்டுகிற வேலை இல்லை, பேட்ச்சின் ரப்பரும் டியூபின் ரப்பரும் ஒன்றோடொன்று பிணைகிற வேலை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த அதே வழியின் குளிர்ந்த வடிவம் இது. மவுத் அடியில் கிழிந்த டியூபுக்கு ஒட்டு நிற்காது. அதை மாற்றுவதே சரி.

இனி ஸ்போக்ஸ் கம்பி. இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம்.

உப்பளத்தின் ஓரமாகத் தினமும் ஓடுகிற வண்டியில் முதலில் துருப்பிடிப்பது கம்பிகளும் அவற்றை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்களும்தான். காற்றிலேயே உப்பு. மழை பெய்தால் ரோட்டிலிருந்து உப்புத் தண்ணீர் தெறித்து நிப்பிள் இடுக்கில் உட்காரும். ரிம்மின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், டயரைக் கழற்றினால் உள்ளே செதில் செதிலாகத் துரு. கம்பிகளின் முனைகளுக்கும் டியூபுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் பட்டை மட்டும்தான், ரிம் டேப். எங்கள் வண்டியில் அது விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. மவுத் அறுந்திருக்காவிட்டால் இன்னும் சில மாதத்தில் ஏதாவதொரு கம்பி முனை டியூபைத் துளைத்திருக்கும். நிப்பிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை அரத்தால் ராவி, துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, பெயின்ட் தொட்டு, புது டேப் போட்டோம். அன்றிலிருந்து உப்பளப் பக்கம் போய்வந்தால் இரவிலேயே நல்ல தண்ணீரால் சக்கரத்தைக் கழுவித் துடைத்துவிடுகிறேன். இதைவிட மலிவான பராமரிப்பு எதுவும் இல்லை. இதைவிட அதிகமாகத் தவறவிடப்படுவதும் எதுவும் இல்லை.

எங்கள் சக்கரத்தில் 36 கம்பிகள். இவ்வளவு மெல்லிய கம்பி எப்படி இரண்டு பேரையும் வண்டியையும் தாங்குகிறது என்று மாமாவிடம் கேட்டேன். மரச்சக்கரத்தின் ஆரக்கால்போல் அது கீழிருந்து முட்டுக்கொடுப்பதில்லை. எல்லாக் கம்பிகளும் எல்லாப் பக்கமும் ஹப்பை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையின் நடுவே ஹப் நிற்கிறது. ரோட்டைத் தொடும் இடத்துக்கு வரும் கம்பிகளில் இழுவை கொஞ்சம் குறையும், மேலே போனதும் திரும்பக் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. இப்படிக் கம்பியால் இழுத்துக் கட்டிய சக்கரத்தை 1808-இலேயே ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் யோசித்துவிட்டார். பறக்கும் பொறிக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது. ஹப்பிலிருந்து நேராகப் போகாமல் சாய்வாக ஒன்றையொன்று கடந்து போகிற கம்பி அமைப்புக்கு கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். சாய்ந்து போனால்தான் எஞ்சினின் முறுக்கும் பிரேக்கின் முறுக்கும் ரிம்முக்குப் போய்ச் சேரும். இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று மாமா செய்தது, ஸ்பேனரின் பிடியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்காட்டியதுதான். இறுகிய கம்பி கணீரென்றது. தளர்ந்தது மொத்தென்று சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எங்கள் சக்கரத்தில் மொத்தென்றவை அடுத்தடுத்து இருந்தன. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும், அவையும் சீக்கிரம் களைத்துப்போகும், ஒன்று முறிந்தால் மற்றவை தொடரும்.

கோட்டம் எடுப்பதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் ஈர்க்கை வைத்து. சக்கரத்தை வண்டியில் மாட்டி, ஸ்விங் ஆர்மில் ரப்பர் பேண்டால் ஈர்க்கைக் கட்டி, முனை ரிம்மைத் தொடாமல் தொடும்படி வைக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றினால் ரிம் எங்கே ஈர்க்கை நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும். ஹோண்டா வழி வந்த வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களில் 2 மில்லிமீட்டர் வரை அசைவை அனுமதிப்பார்கள். அதைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். ரிம் வலது பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில், ஹப்பின் இடது பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, வலது பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. நிப்பிளை டயர் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும், ஹப் பக்கமிருந்து குனிந்து பார்க்கும் நமக்கு அது எதிராகத் தெரியும். துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் நிப்பிள் திரும்பாமல் கம்பிதான் முறுக்கிக்கொள்ளும்.

அன்று மாலை முழுக்க நான் அந்த ஈர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சரியானால் எதிர்ப்பக்கம் விலகும். அங்கே தொட்டால் இங்கே சொல்லும். எரிச்சல் வரவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு என் கவனம் முழுவதும் ஓரிடத்தில் இருந்தது. இருட்டியபோது ஈர்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த இடைவெளி சுற்று முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாகியிருந்தது. கைநடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கம்பிகளை முழுதாகப் பிரித்துப் புதிதாகக் கோக்கும் வேலையை நான் இன்றுவரை செய்வதில்லை. அடுத்த வருடம் ரிம்மையே மாற்ற வேண்டி வந்தபோது, சைக்கிள் கடையில் வாழ்நாள் முழுக்கக் கம்பி கோத்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். அவருக்கு ஈர்க்கு தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தை ரிம் ஓரத்தில் வைத்துச் சுற்றியே கோட்டத்தைச் சொன்னார். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கையால் தெரிந்த பிறகு பேரம் பேச வாய் வராது. வீட்டில் நாமே செய்வதால் மிச்சமாகும் காசைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதிகம் கிடைத்தது, யாருடைய கைக்கு என்ன மதிப்பு என்கிற அறிவு.

பேரிங்கில் எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆக்சிலைக் கழற்றியபின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினால், நல்ல பேரிங் வெண்ணெயாகச் சுற்றும், கெட்டது மணல் கலந்ததுபோல நெரநெரவென்று தடுக்கும். மழைத் தண்ணீரில் ஓட்டின வண்டிகளில் இது சீக்கிரம் வரும். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. புதியதை அடித்து இறக்கும்போது அடி வெளிவளையத்தில்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பதிந்து, புதிதாக இருக்கும்போதே பழசாகிவிடும். இரண்டாவது, இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஹப்புக்குள் ஒரு குழாய்த்துண்டு இருக்கும். ஒன்றுமில்லாத இரும்புக் குழாய்போலத் தெரியும், விட்டுவிட்டாலும் சக்கரம் பூட்டிவிடலாம். ஆனால் ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்வது அந்தக் குழாய்தான். அது இல்லாவிட்டால் உள்வளையங்கள் உள்ளே நெருக்கப்பட்டு பேரிங் இறுகிப்போகும். ஓடும்போது சூடாகி ஒருநாள் பூட்டிக்கொள்ளும்.

முன்சக்கரத்தைப் பற்றி மாமா குரலை மாற்றிக்கொண்டு பேசினார். அதுவரை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்ன மனிதர், இங்கே என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ட்ரம் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் பிரேக் பிளேட்டில் ஒரு வாய் வெட்டியிருக்கும். ஃபோர்க்கின் காலில் ஒரு முட்டு இருக்கும். முட்டு வாய்க்குள் உட்கார வேண்டும். உட்காராமலும் ஆக்சில் உள்ளே போகும், நட்டும் இறுகும், சக்கரமும் சுற்றும். பிரேக் பிடித்த கணத்தில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, ஒயரை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். "இத மட்டும் மறக்கக் கூடாது மாப்ள. மத்ததுல எல்லாம் வண்டி சொல்லித் தரும். இதுல சொல்லாது" என்றார்.

அந்தப் பயத்தை நான் போக்கிக்கொள்ளவில்லை. போக்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. முன்சக்கரம் மாட்டுகிற ஒவ்வொரு முறையும் முட்டைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, நட்டை டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, வண்டியை உருட்டி பிரேக் பிடித்துப் பார்த்து, தெருமுனை வரை தனியாக ஓட்டிவிட்டு வந்து, மறுபடி எல்லா நட்டையும் தொடுகிறேன். பின்சக்கரத்துக்கும் இதுபோல ஒரு வரிசை உண்டு: ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா, செயினின் நடுத்தொய்வு சரியா, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஆக்சிலை இறுக்கினோமா. மிதித்துக்கொண்டு இறுக்கினால் பிரேக் ஷூக்கள் ட்ரம்மின் நடுவில் வந்து உட்காரும், பிரேக் ஒரு பக்கமாக உரசாது. மகளைப் பின்னால் ஏற்றுவது இவ்வளவுக்கும் பிறகுதான். வீட்டில் இதை அதிகப்படி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நெஞ்சு முழுக்கப் பரவியிருந்த ஒன்று, இப்போது ஃபோர்க்கின் காலில் ஒரு முட்டின் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. அந்த அளவு எனக்கு வேண்டும்.

அலாய் வீல் வைத்த வண்டிக்காரர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். வார்ப்பு அலுமினியம் வளைவதைவிட விரிசல் விடுவதில் கெட்டி. தட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடும். அதை மாற்றத்தான் வேண்டும். ட்யூப்லெஸ் டயரில் ஓட்டை நடுத்தடத்தில் இருந்தால் ரப்பர் திரி போட்டு அடைக்கலாம், பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் எந்தத் திரியும் நிற்காது. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வதும் புறவாசலில் கற்றதுதான்.

முதுகுவலி என்று சொன்னதைப் பற்றி மனைவியிடம் பேச எனக்கு இன்னும் நாளானது. ஒரு நாள் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, பயமாக இருந்தது என்று சொன்னேன். "தெரியும். அப்பாவ வரச் சொன்னதே நான்தான்" என்றாள். மாமா அதை என்னிடம் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை. பேனா கேஜ் என்னிடம் இருக்கிறது.

மகளுக்கு இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது, வாரம் தவறாமல் காற்றை அவளே அளக்கிறாள். டயர் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்கவும் கற்றுவிட்டாள்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் செய்த எங்கள் பின் டயர் வயதிலும் தேய்மானத்திலும் முடிவுக்கு வந்திருக்கிறது. பள்ளத்தின் நடுவே இருக்கும் தேய்மானக் கட்டைகள் ஓடுதளத்தோடு சமமாகிக்கொண்டிருக்கின்றன. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர் ஆழம். அதுவரை காத்திருந்தால் ஈர ரோட்டில் பிடி இருக்காது. ஐப்பசி மழை தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். இந்தத் தடவை லிவரைத் தான் போடுவதாகவும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறாள். புது டியூபும் ரிம் டேப்பும் வாங்கியாயிற்று. டயரில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். சக்கரம் முன்னால் உருளும் திசையைப் பார்க்க வேண்டும் என்றேன்.